பதினான்காம் காட்சியின் சுவர்

கோலக்கெட்டில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
சன்னாசியின் ஒட்டுக்கடையில்
இரண்டு நாள் வேலை எனக்கு:
எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது.

மகன் கிளாஸை இடக்கையால் எடுத்தான். எழுதினேன்.
சட்டையில் இரண்டாம் பித்தான் திறந்திருந்தது. எழுதினேன்.
காதுக்குக் கீழே வியர்வை, ஒரு விரற்கடை.
தே ஐஸ் வேண்டாமென்று யுகேந்திரனிடம் கெஞ்சினேன்,
ஐஸ்கட்டி எந்த டைரக்டருக்கும் காத்திருக்காது.
'இந்த வெயில்ல மனுசன் வேற என்னத்தக் குடிப்பான்?'
செம்பனைக் குலை லோரி போகும்போதெல்லாம் நிறுத்தி
ஏழாவது டேக்குக்கு வந்தபோது
கிளாஸில் பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது.

தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு கோடு.
கேமரா அதைத் தாண்டிவிட்டால்
இருவரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள்,
பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல.
சண்டை கெட்டுப்போகும்.
சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கிழித்து வைத்தேன்.
கடை நாய்க்கு அது பிடித்துப்போனது,
நாள் முழுக்கத் தாண்டித் தாண்டிப் படுத்தது.

தகப்பனுக்குச் சுங்கை பட்டாணி பேங்கில் காவல் வேலை.
செவ்வாய் ஒரு நாள்தான் லீவு.
லென்சுக்கு வலப்பக்கம் பார்த்து
'போடா' என்றார். கைகுலுக்கினார். போய்விட்டார்.

புதன் காலை ஏழரை.
சுவர் நீலமாக இருந்தது.

நேற்று அது பச்சை.
எண்ணெய்ப்புகை ஏறி, காலண்டர் தொங்கிய இடத்தில் மட்டும்
வெளுத்துப்போன சதுரம்.
அந்தச் சதுரத்தை நாலு படம் எடுத்து வைத்திருந்தேன்.
சன்னாசி நின்றார், முழங்கை வரை நீலம், கண் சிவப்பு.
'ராத்திரி பூரா அடிச்சோம், நானும் மச்சானும்.
எண்பத்தாறு வெள்ளி.
கேமராவுல வர்ற சுவரு, அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கு?'

யுகேந்திரன் என்னைப் பார்த்தான்.
நான் நோட்டைப் பார்த்தேன்.
பச்சை, என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு.
அதற்குள் எல்லாருக்கும் பசியாற ரொட்டி வந்துவிட்டது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

எடுத்தோம்.
பின்மேசையில் நேற்று உட்கார்ந்திருந்த ரஃபிக்,
வங்காளதேசத்து ஆள், தோட்டத்தில் குலை வெட்டுகிறவன்,
சட்டையை ராத்திரியே துவைத்திருந்தான்.
கேட்டதும் ஓடிப்போய் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்தான்.
மகன், தகப்பனின் கண் இருந்த உயரத்தில்
துடைப்பக்கட்டையில் ஒட்டிய மஞ்சள் டேப்பைப் பார்த்து
லென்சுக்கு இடப்பக்கம்
அழுதான். நன்றாகவே அழுதான்.

எடிட்டர் ஹாஃபிஸுக்குத் தமிழ் தெரியாது.
யார் எப்போது பொய் சொல்கிறார் என்பதை
இமையை வைத்துச் சொல்லிவிடுவான்.
அலோர் ஸ்டாரில், கார் கழுவுகிற கடைக்கு மேலே,
நீலத்தைப் பச்சையாக்கினான்.
புகை ஏற்றினான். சதுரத்தை வெளுக்கவைத்தான்.
ஆனாலும் ஒட்டிய இடம் லேசாகத் தெரிந்தது.
அங்கே ஒரு ஷாட்டைச் செருகச் சொன்னேன்:
சன்னாசியின் கைகள் மட்டும்.
மங்கிலிருந்து மங்குக்கு ஒரு முழம் நீளத்துக்குத் தே.
செவ்வாய்க்கிழமை ஊற்றியது
புதன்கிழமையில் போய் விழுந்தது.
தழும்பு மறைந்தது.
நகக்கண்ணில் ஒரு பொட்டு நீலம்.
அழிக்கட்டுமா என்றான் ஹாஃபிஸ்.
'அது நிழல்' என்றேன்.

தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், வெள்ளைத் துணி கட்டி,
நூற்று முப்பது பேர்.
எவரும் சுவரைப் பார்க்கவில்லை.
என் வேலை அவ்வளவுதான், பார்க்க விடாமல் செய்வது.
விளக்கு வந்ததும் சன்னாசி எழுந்து வந்தார்,
இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா.
'நல்லா இருந்துச்சும்மா.
என் சுவருதான் காணோம்.'
கோபமில்லை. சில்லறை குறைந்ததைச் சொல்கிற குரல்.
'அது பழைய சுவருல்ல?'

நோட்டு என் கையில்தான் இருந்தது.
கிளாஸ், பித்தான், வியர்வை,
நாய் படுத்த பக்கம் வரைக்கும் எழுதியிருந்தேன்.
பதில் இல்லை.

இரண்டாம் ஆட்டத்துக்கும் இருந்தார்,
முன்வரிசைக்கு மாறி,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.